வண்டுகளின் குரோமோசோம்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆணா பெண்ணா என்பதைக் குரோமோசோம் தீர்மானிக்கிறது என்று பள்ளியில் எல்லோரும் படித்திருப்போம். அதற்கான முதல் தெளிவான சான்று கிடைத்தது ஒரு வண்டிடம் இருந்துதான் என்பது பாடப்புத்தகங்களில் அதிகம் வருவதில்லை. அந்த வண்டில் தொடங்கி, வண்டுகளின் குரோமோசோம்கள் எப்படி மாறின, எங்கே மாறாமல் நின்றன என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன்.

வண்டு என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

தமிழில் இந்தச் சொல் கொஞ்சம் தாராளமானது. பூவில் தேன் குடிக்கும் வண்டு என்று கவிதைகளில் வருவது பெரும்பாலும் தேனீயின் உறவுக்கார பூச்சி. இங்கே பேசுவது கோலியாப்டெரா என்ற வரிசையைச் சேர்ந்தவற்றைப் பற்றி. முன் இறக்கைகள் இரண்டும் கெட்டியான ஓடுபோல மாறி, பறக்கும் பின் இறக்கைகளை மூடிக் காக்கும் பூச்சிகள் இவை. பொறிவண்டு, மின்மினி, கூன்வண்டு, சாண வண்டு, காண்டாமிருக வண்டு, மாவில் விழும் சிவப்பு வண்டு எல்லாம் இதில் அடங்கும். பெயர் வைக்கப்பட்ட சிற்றினங்கள் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம். அறிவியல் இதுவரை பெயரிட்டுள்ள விலங்குகளில் நான்கில் ஒன்று வண்டு.

சரி, ஒரு வண்டுக்கு எத்தனை குரோமோசோம்கள்?

ஒரே எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், 20. ஒன்பது ஜோடி சாதாரணக் குரோமோசோம்கள் (இவற்றை ஆட்டோசோம் என்பார்கள்), அப்புறம் ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் ஒரு ஜோடி பால் குரோமோசோம்கள். பெண்ணில் இரண்டு எக்ஸ், ஆணில் ஒரு எக்ஸும் ஒரு சின்னஞ்சிறு ஒய்யும்.

ஆனால் எல்லா வண்டுகளும் இந்த எண்ணில் நிற்பதில்லை. சால்கோலெபிடியஸ் சோனேட்டஸ் என்ற சொடுக்கு வண்டில் ஆணின் உடல் செல்லில் இருப்பவை மொத்தம் நான்கே குரோமோசோம்கள். ஒரு ஜோடி ஆட்டோசோம், ஒரு ஜோடி பால் குரோமோசோம், அவ்வளவுதான். மறுமுனையில் சில தரை வண்டுகளின் எண்ணிக்கை 70ஐ நெருங்குகிறது. உருளைக்கிழங்குப் பயிரை அழிக்கும் கொலராடோ வண்டில் பெண்ணுக்கு 36, ஆணுக்கு 35. கூன்வண்டுகளில் அடிக்கடி காணப்படும் எண் 22. ஆசிய நாடுகளில் இருந்து உலகமெங்கும் பரவிய ஹார்மோனியா ஆக்சிரிடிஸ் என்ற பொறிவண்டில் 16.

இதுவரை குரோமோசோம் எண்ணப்பட்ட வண்டுகள் சில ஆயிரம்தான், அதாவது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவு. எனவே இங்கே "பெரும்பாலும்" என்று வரும் இடங்களில் எல்லாம், பார்த்தவற்றில் பெரும்பாலும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண், பெண் ரகசியத்தை வண்டு எப்படிக் காட்டிக்கொடுத்தது?

நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி அதைப் பார்த்தார். 1861ல் பிறந்தவர். பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 35 வயதில்தான் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பிறகு பிரின் மார் கல்லூரியில் ஆராய்ச்சி செய்தார்.

1905ல் அவர் வெளியிட்ட ஆய்வில் டெனிப்ரியோ மாலிட்டர் என்ற வண்டு வருகிறது. அதன் புழுவைத்தான் மாவுப்புழு என்று சொல்லி, வளர்ப்புப் பறவைகளுக்கும் பல்லிகளுக்கும் தீனியாகப் போடுகிறார்கள். பெண் வண்டின் செல்களில் அவர் எண்ணிய 20 குரோமோசோம்களும் நல்ல பெரியவை. ஆணிலும் 20தான், ஆனால் 19 பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது. விந்தணுக்கள் உருவாகும்போது பாதி விந்தணுக்களுக்குப் பத்துப் பெரிய குரோமோசோம்கள் போகின்றன, மறுபாதிக்கு ஒன்பது பெரியதும் அந்தச் சிறியதும் போகின்றன. முதல் வகை விந்தணு சேர்ந்தால் பெண், இரண்டாம் வகை சேர்ந்தால் ஆண். இப்போது நமக்குச் சாதாரணமாகத் தெரியும் இந்தக் கணக்கு அன்று பெரிய துணிச்சல். குழந்தை ஆணா பெண்ணா என்பதை தாயின் உணவும் சூட்டின் அளவும் முடிவு செய்கின்றன என்று கற்றவர்களே நம்பிய காலம் அது.

அதே சமயத்தில் எட்மண்ட் வில்சன் என்ற அமெரிக்க உயிரியலாளரும் வேறு பூச்சிகளை வைத்து இதே முடிவை நோக்கி வந்துகொண்டிருந்தார். நெடுங்காலம் பெயர் அவருக்கே அதிகம் போனது. ஸ்டீவன்ஸ் 1912ல், 50 வயதில், மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அவர் பார்த்த அந்தச் சின்னக் குரோமோசோம்தான் ஒய். அவர் கையில் எடுத்த பூச்சி மட்டும் ஒய் இல்லாத வேறொரு வண்டாக இருந்திருந்தால் இத்தனை தெளிவாகத் தெரிந்திருக்காது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

பாராசூட் என்று ஏதோ சொல்கிறார்களே, அது என்ன?

வண்டுக் குரோமோசோம்களில் என் மனதுக்கு மிகவும் நெருக்கமான விஷயம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விந்தணு உருவாகும்போது குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். அதில் ஒவ்வொரு குரோமோசோமும் தன் ஜோடியைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொள்ளும். அந்த முடிச்சுக்குக் கயாஸ்மா என்று பெயர். இது வெறும் பரிமாற்றம் மட்டும் இல்லை. செல் பிரியும் நேரம் வரை இரண்டையும் சேர்த்துப் பிடித்து வைத்திருப்பதும் இந்த முடிச்சுதான். முடிச்சு விழாத ஜோடி தறிகெட்டுப் போய், இரண்டும் ஒரே பக்கம் இழுபடும் ஆபத்து உண்டு.

மனிதனின் எக்ஸும் ஒய்யும் நுனியில் ஒரு சிறு பகுதியை மட்டும் பொதுவாக வைத்திருக்கின்றன. அங்கே ஒரு முடிச்சு விழுந்தால்தான் பிழைப்பு. பாலிஃபேகா என்ற பெரும் பிரிவைச் சேர்ந்த வண்டுகளில் பெரும்பாலானவை வேறு வழியில் போயின. அவற்றின் எக்ஸுக்கும் ஒய்க்கும் நடுவே முடிச்சே விழுவதில்லை. எக்ஸ் வளைந்து குடைபோல விரிந்து நிற்கும். கீழே புள்ளியாக ஒய் தொங்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் விரித்த பாராசூட்டில் ஆள் தொங்குவது போலவே இருக்கும். பெயர் அப்படி வந்ததுதான். கனடாவைச் சேர்ந்த ஸ்டான்லி ஸ்மித், பின்லாந்தில் பிறந்த நீலோ விர்க்கி ஆகிய இருவரும் பல பத்தாண்டுகள் உழைத்து இந்த அமைப்பு எத்தனை வண்டுக் குடும்பங்களில் பரவியிருக்கிறது என்பதைக் காட்டினார்கள்.

முடிச்சு இல்லை என்றால் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது எது? குடைக்கும் புள்ளிக்கும் நடுவே உள்ள இடம் வெற்றிடம் இல்லை. வெள்ளிச் சாயம் ஏற்றினால் அங்கே புரதப் பொருள் கருமையாகத் தெரியும். முதலில் அது நியூக்ளியோலஸின் (செல்லின் உட்கருவுக்குள் ரைபோசோம்கள் தயாராகும் இடம்) மிச்சம் என்று நினைத்தார்கள். ஆனால் நியூக்ளியோலஸை உருவாக்கும் ரைபோசோம் ஜீன்கள் பல வண்டுகளில் பால் குரோமோசோம்களில் இல்லவே இல்லை, ஆட்டோசோம்களில் இருக்கின்றன. அப்படி இருந்தும் பாராசூட் நன்றாகவே நிற்கிறது. ஆகவே எல்லா வண்டுக்கும் நியூக்ளியோலஸ் விளக்கம் பொருந்தாது. பசைபோல வேலை செய்யும் புரதங்கள் அங்கே வந்து சேர்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம்.

பாராசூட் இருப்பதால் வண்டுக்கு என்ன லாபம்?

ஒய் குரோமோசோம் தேய்ந்து போகும் இயல்புள்ளது. எக்ஸோடு துண்டு மாற்றிக்கொள்ளாத பகுதி காலப்போக்கில் பழுதடைந்து ஜீன்களை இழக்கும். முடிச்சை நம்பி வாழும் விலங்கில் இந்தத் தேய்மானம் ஒரு கட்டத்தில் முடிச்சு விழும் இடத்தையே குறுக்கிவிடும். அப்போது பிரிவு தவறி, ஒய் இல்லாத விந்தணுக்கள் உருவாகும். அந்த ஒய்யில் உயிருக்கு அவசியமான ஜீன் எதுவும் மிச்சமில்லை என்றால், ஒய் இல்லாத ஆணும் பிழைத்து வளரும். இப்படியே ஒய் அந்தப் பரம்பரையில் இருந்து மறைந்துவிடலாம். ஹீத் பிளாக்மன், ஜெஃப்ரி டெமுத் இருவரும் 2014ல் இந்த யோசனைக்கு "நொய்ந்த ஒய்" என்ற பொருளில் பெயர் வைத்து, வண்டுகளின் தரவை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள்.

வண்டுகள் இதற்கு மிகச் சரியான களம். அடிஃபேகா என்ற பிரிவில் (தரை வண்டுகள், நீச்சல் வண்டுகள்) எக்ஸும் ஒய்யும் முடிச்சு போடுகின்றன. பாலிஃபேகாவில் பாராசூட். எதிர்பார்த்தபடியே அடிஃபேகாவில் ஒய் அடிக்கடி தொலைந்திருக்கிறது, பாராசூட் வைத்திருப்பவற்றில் அது அரிதாகவே நடந்திருக்கிறது. முடிச்சுக்கு இடமே தேவைப்படாத ஒய், எவ்வளவு சிறுத்தாலும் தன் பக்கத்தை ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

ஒய் இல்லாத வண்டுகளும் இருக்கின்றனவா?

நிறைய. மின்மினிகள் நல்ல உதாரணம். வட அமெரிக்காவின் ஃபோட்டினஸ் பைராலிஸ் மின்மினியில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸோடு 20, ஆணுக்கு ஒற்றை எக்ஸோடு 19. மேலே சொன்ன கொலராடோ வண்டின் 35, 36 கணக்கும் இதே காரணத்தால்தான். தரை வண்டுகளில் 18 ஜோடியும் ஒற்றை எக்ஸும் சேர்ந்த 37 என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது.

எக்ஸ் ஒன்றுக்கு மேல் இருக்குமா?

பெண்ணில் எப்படியும் இரண்டு இருக்கும். கேட்பது ஆணைப் பற்றி என்றால், ஆம். புலி வண்டுகளில் பலவற்றில் ஆணுக்கே இரண்டு, மூன்று, நான்கு வெவ்வேறு எக்ஸ்கள் இருக்கும், அவற்றுக்கு எதிரில் ஒரே ஒய். பகுப்பின்போது எல்லா எக்ஸும் ஒரு பக்கமும் ஒய் மறுபக்கமும் தவறாமல் போகின்றன. ஸ்பெயினின் ஹோசே காலியான் குழுவினர் இந்தப் புலி வண்டுகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர்கள். இதன் உச்சம் பிளாப்ஸ் பேரினத்தில் இருக்கிறது. பிளாப்ஸ் பாலிக்ரெஸ்டா என்ற கறுப்பு வண்டின் ஆணில் 12 எக்ஸ், 6 ஒய், அவற்றோடு 18 ஆட்டோசோம்கள். மொத்தக் குரோமோசோம்களில் சரிபாதி பால் குரோமோசோம்கள்.

இதற்கு நேர்மாறான விசித்திரம் அமெரிக்க வெப்பமண்டலத்தின் சில தெள்ளு வண்டுகளில். அலகோவாசா, ஓமோஃபாய்ட்டா போன்ற பேரினங்களில் எக்ஸும் ஒய்யும் ஆட்டோசோம்களைக் காட்டிலும் பன்மடங்கு பெரிய பூதங்கள். அவை ஒன்றையொன்று தொடுவதே இல்லை. தனித்தனியாக, தூரத்தில் நின்றபடியே எதிரெதிர்ப் பக்கம் போய்ச் சேர்கின்றன. பாராசூட்டில் பசையாவது இருக்கிறது, இங்கே அதுவும் கிடையாது.

குரோமோசோம் எண்ணிக்கை எப்படி மாறுகிறது?

பெரும்பாலும் இரண்டே வழிகள். இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றாகலாம், அல்லது ஒன்று உடைந்து இரண்டாகலாம். வண்டுக் குரோமோசோமில் இழை பிடித்து இழுக்கும் சென்ட்ரோமியர் ஒரே இடத்தில் இருக்கும் (வண்ணத்துப்பூச்சிகளில் அது நீளம் முழுவதும் பரவியிருக்கும்). அதனால் உடைந்த துண்டில் சென்ட்ரோமியர் இல்லை என்றால் அது தொலைந்துபோகும். ஒட்டுவது ஒப்பீட்டளவில் சுலபம். நுனியில் சென்ட்ரோமியர் உள்ள இரண்டு குரோமோசோம்கள் அங்கேயே ஒட்டி இரு கை உள்ள ஒன்றாக மாறுவதை, 1916ல் வெட்டுக்கிளிகளில் விவரித்த ராபர்ட்சனின் பெயரால் ராபர்ட்சன் இணைவு என்கிறார்கள்.

இதை அழகாகக் காட்டுபவை வட அமெரிக்காவின் கைலோகோரஸ் பொறிவண்டுகள். ஸ்டான்லி ஸ்மித்தின் வாழ்நாள் வேலையில் பெரும்பங்கு இவற்றுக்கே போனது. கைலோகோரஸ் ஸ்டிக்மாவின் இணையாத வடிவத்தில் 26 குரோமோசோம்கள். மேற்குக் கனடாவில் இருக்கும் கைலோகோரஸ் ட்ரைசைக்லஸில் 20, கைலோகோரஸ் ஹெக்ஸாசைக்லஸில் 14. கணக்கைப் பாருங்கள். மூன்று இணைவுகள் நடந்தால் ஜோடிக்கு ஒன்று வீதம் ஆறு குறையும், 26 இருபதாகும். ஆறு இணைவுகளில் பன்னிரண்டு குறைந்து 14 ஆகும். அந்த மூன்றும் ஆறும்தான் ட்ரை, ஹெக்ஸா என்று பெயரிலேயே நிற்கின்றன. வெளித்தோற்றத்தில் இந்த இரண்டையும் பிரித்தறிவது மிகக் கடினம். பெயர் வைத்த ஸ்மித் நம்பியது குரோமோசோமைத்தான். ஸ்டிக்மாவிலும் ஒரு சுவாரசியம் உண்டு. தெற்கே இணையாத வடிவம் மட்டும் இருக்க, வடக்கே போகப் போக ஒரே கூட்டத்துக்குள் இணைந்ததும் இணையாததுமாகக் கலந்து கிடக்கின்றன. பரிணாமம் பாதி வேலையில் இருக்கும்போது பிடிபட்டது போல.

ஆட்டோசோம் பால் குரோமோசோமோடு ஒட்டினால் என்ன ஆகும்?

புதிய எக்ஸ், புதிய ஒய் பிறக்கும். டிரைபோலியம் கேஸ்டேனியம் என்ற சிவப்பு மாவு வண்டில் வழக்கமான 20, வழக்கமான பாராசூட். அதன் நெருங்கிய உறவான டிரைபோலியம் கன்ஃப்யூசமில் 18தான். அங்கே பழைய எக்ஸோடு ஓர் ஆட்டோசோம் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் விடப்பட்ட அதன் ஜோடி ஆண்களில் மட்டும் கடத்தப்பட்டு, புதிய ஒய்யின் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. கண்ணால் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே மூட்டை மாவில் வாழக்கூடிய இரண்டு வண்டுகள், உள்ளே இத்தனை வேறுபாடு. நான்கே குரோமோசோம் உள்ள அந்தச் சொடுக்கு வண்டின் எக்ஸும் ஒய்யும் இதே வழியில் வந்த புதியவைதான்.

27 கோடி ஆண்டுகளுக்கு மேலாக வாழும் கூட்டத்தில் 20 என்ற எண் ஏன் இத்தனை பிடிவாதமாக நிற்கிறது?

இந்தக் கேள்விதான் என்னை இந்தப் பக்கம் இழுத்தது. வண்டுகள் உருவத்திலும் உணவிலும் வாழிடத்திலும் மாறாத ஒன்றில்லை. சாணம், மரம், பூஞ்சை, பிணம், விதை, குளத்து நீர் என்று போகாத இடம் இல்லை. அப்படி இருந்தும் குடும்பம் குடும்பமாக ஒன்பது ஜோடியும் ஒரு பாராசூட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

ஒரு காரணம் எல்லா விலங்குகளுக்கும் பொதுவானது. புதிதாக இணைந்த குரோமோசோமைக் கொண்ட முதல் வண்டு, இணையாத ஜோடிகளோடு அதைச் சேர்த்துவைக்க வேண்டும். அங்கே பிரிவு தவறிச் சில விந்தணுக்கள் வீணாகும், பிள்ளைகள் குறையும். பெரிய கூட்டத்தில் இந்தக் குறை அதைத் துடைத்துப் போட்டுவிடும். சின்னக் கூட்டத்தில், தற்செயல் கை கொடுத்தால்தான் புதிய அமைப்பு நிலைக்கும். இறக்கை குறுகிப் பறக்க முடியாமல் அங்கங்கே தனித்தனியாக வாழும் வண்டுகளில் எண் மாற வாய்ப்பு அதிகம் என்பது இந்தத் தர்க்கத்தில் இருந்து வருவது. ஆனால் இதுவே முழு விளக்கம் ஆகாது. காராபஸ் பேரினத்தில் பெரும்பாலானவை பறக்காதவை, இருந்தும் அவை 28 என்ற எண்ணை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன.

இரண்டாவது காரணம் என் சொந்த ஊகம். பாராசூட் ஒரு நுட்பமான ஏற்பாடு. எக்ஸோடு வேறு எதுவும் ஒட்டினால் குடையின் வடிவமே குலையும், முடிச்சு போடும் வழக்கமான முறைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். அதனால் பால் குரோமோசோம்கள் ஆட்டோசோம்களோடு சேர்வது தடுக்கப்பட்டே வந்திருக்க வேண்டும். புதிய எக்ஸ், புதிய ஒய் கொண்ட வண்டுகளில் பாராசூட் காணாமல் போவது இதற்குப் பொருந்தி வருகிறது.

எண் ஒன்றானால் குரோமோசோமும் ஒன்றா?

எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. ஓர் இணைவும் ஓர் உடைப்பும் அடுத்தடுத்து நடந்தால் எண் பழைய இடத்துக்கே வந்துவிடும், உள்ளே இருப்பது மாறியிருக்கும். இதற்கு விடை மரபணு வரிசை படித்த பிறகுதான் கிடைத்தது. சிவப்பு மாவு வண்டின் மரபணுத்தொகுதி 2008ல் வெளியானது, வண்டுகளில் அதுவே முதல். அப்புறம் மின்மினி, பொறிவண்டு என்று வரிசையாக வந்தன.

ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிந்தது இது. குரோமோசோமுக்குள் ஜீன்களின் வரிசை சீட்டுக்கட்டு கலைத்தது போல மாறியிருக்கிறது, ஆனால் எந்த ஜீன் எந்தக் குரோமோசோமில் என்பது பெரும்பாலும் மாறவில்லை. கட்டு கலைந்தது, சீட்டுகள் அடுத்த கட்டுக்குப் போகவில்லை. மின்மினியின் எக்ஸில் உள்ளவை மாவு வண்டின் எக்ஸில் உள்ள அதே ஜீன்கள்தான். ஒய்யைத் தொலைத்த பரம்பரையும் அதே எக்ஸைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. இப்படிப் பழங்காலத்தில் இருந்து சேர்ந்தே பயணிக்கும் ஜீன் கூட்டங்களுக்கு இப்போது ஸ்டீவன்ஸ் கூறுகள் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நெட்டி ஸ்டீவன்ஸின் நினைவாக.

குரோமோசோம் அதிகம் என்றால் டிஎன்ஏவும் அதிகமா?

இல்லை. சிவப்பு மாவு வண்டுக்கும் பயறு வண்டுக்கும் (கல்லோசோப்ருக்கஸ் மாக்குலேட்டஸ்) எண் 20தான். ஆனால் பயறு வண்டின் டிஎன்ஏ பல மடங்கு அதிகம். வித்தியாசம் பெரும்பாலும் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளில் இருக்கிறது. மாவுப்புழு வண்டில் 142 எழுத்து நீளமுள்ள ஒரே வரிசை லட்சக்கணக்கான தடவை அடுத்தடுத்து வந்து, மரபணுத்தொகுதியில் ஏறக்குறைய பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அவ்வளவு சிறிய ஒய்யால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. பயறு வண்டில் ஆண் சிறியது, பெண் பெரியது. ஒரே கூட்டத்துக்குள் ஒய்யில் வெவ்வேறு வடிவங்கள் இருக்கின்றன. அவற்றில் உடல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் டார் என்ற ஜீனின் பிரதிகளின் எண்ணிக்கை வேறுபடுகிறது, அதோடு சேர்ந்து ஆணின் பருமனும் வேறுபடுகிறது. ஒய் என்றால் குப்பை என்று ஒதுக்கியவர்கள் கவனிக்க வேண்டிய பூச்சி இது.

எண் மாறாமலேயே குரோமோசோம் மாற முடியுமா?

முடியும், தலைகீழ் திருப்பம் அதற்கு வழி. ஒரு துண்டு உடைந்து, திரும்பி, அதே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். எண்ணிக்கை மாறாது. ஆனால் திரும்பிய துண்டும் திரும்பாத துண்டும் சரியாகக் கலக்க முடியாததால், அதற்குள் இருப்பவை ஒரே கட்டாகச் சந்ததிக்குப் போகும்.

ஹார்மோனியா பொறிவண்டின் நிறங்கள் இதற்குச் சாட்சி. சிவப்பில் கறுப்புப் புள்ளி, கறுப்பில் சிவப்புப் புள்ளி, புள்ளியே இல்லாதது என்று இந்த ஒரே சிற்றினத்தில் 200க்கும் மேற்பட்ட வடிவங்கள் பதிவாகியிருக்கின்றன. சீன மரபியலாளர் டான் ஜியாசென் 1946லேயே இவற்றைக் கலப்பு செய்து, இரண்டு வடிவங்களின் கறுப்பும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததுபோலக் குட்டிகளில் வருவதைக் காட்டினார். அது எந்த ஜீன் என்பது 2018ல்தான் தெரிந்தது. பன்னியர் என்ற ஒரே ஜீன். அதன் கட்டுப்பாட்டுப் பகுதியில் நடந்த தலைகீழ் திருப்பங்கள் ஒவ்வொரு நிற வடிவத்தையும் கலையாமல் காத்துவருகின்றன.

ஆணுக்குப் பாதிக் குரோமோசோம் மட்டுமே உள்ள வண்டுகள் உண்டா?

உண்டு. மரத்துக்குள் பூஞ்சை வளர்த்துச் சாப்பிடும் சைலெபோரினி வண்டுகளில் கருவுறாத முட்டையில் இருந்து ஆண் பிறக்கிறது, தேனீயைப் போல. ஆணுக்கு ஒற்றைத் தொகுதி, பெண்ணுக்கு இரட்டை. மைக்ரோமால்தஸ் டெபிலிஸ் என்ற பழமையான வண்டிலும் பெண்ணுக்கு 20, ஆணுக்கு 10.

இதைவிட விசித்திரமானது காப்பிக்காய் துளைப்பான். அதன் ஆண் பிறக்கும்போது தந்தையிடம் இருந்தும் தாயிடம் இருந்தும் குரோமோசோம் பெறுகிறது. ஆனால் தந்தை கொடுத்த தொகுதி செல்லுக்குள் சுருண்டு முடங்கிவிடுகிறது, விந்தணுவிலும் அது சேர்வதில்லை. பார்த்தால் இரட்டை, வேலையில் ஒற்றை. 1995ல் இது விளக்கப்பட்டபோது ஒரு நடைமுறைச் சிக்கலும் புரிந்தது. நியூ கலிடோனியா தீவில் எண்டோசல்ஃபான் பூச்சிக்கொல்லிக்கு இந்த வண்டு வேகமாக எதிர்ப்பு பெற்றிருந்தது. ஆணில் தாயின் ஜீன் மட்டுமே வேலை செய்வதால், எதிர்ப்பு தரும் ஜீன் மறைந்துகொள்ள இடமில்லை. அது இருக்கும் ஆண் தப்பும், இல்லாத ஆண் சாகும். வடிகட்டல் அவ்வளவு வேகமாக நடக்கிறது.

ஆணே இல்லாத வண்டுகள்?

கூன்வண்டுகளில் நிறைய உண்டு. தோட்டச் செடிகளின் வேரை அழிக்கும் ஓட்டியோரிங்கஸ் சல்கேட்டஸ் எல்லாமே பெண்தான். அதன் குரோமோசோம் எண் 33, அதாவது 11 வீதம் மூன்று தொகுதி. மூன்று தொகுதி இருந்தால் ஜோடி சேர்வது குழப்பம், அதனால் குன்றல் பகுப்பையே விட்டுவிட்டுத் தாயின் நகலாகவே முட்டை உருவாகிறது. பின்லாந்தின் எஸ்கோ சுவோமலைனென் ஐரோப்பியக் கூன்வண்டுகளில் இப்படி மூன்று, நான்கு, அதற்கு மேலும் தொகுதிகள் கொண்டவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்தார். ஓட்டியோரிங்கஸ் ஸ்கேபர் என்ற ஒரே சிற்றினத்தில் ஆண் பெண் கலந்து வாழும் கூட்டங்கள் ஆல்ப்ஸ் மலையின் கிழக்கே சில இடங்களில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. பனியுகம் விலகிய பரந்த நிலங்களில் பரவியவை பெண் மட்டுமே உள்ள, தொகுதி பெருகிய கூட்டங்கள். தனியாக ஒரு பெண் போய்ச் சேர்ந்தால் போதும் என்பது அங்கே பெரிய வசதி.

ஐப்ஸ் அக்யூமினேட்டஸ் என்ற மரப்பட்டை வண்டில் இதற்கு ஒரு நடுவழி. மூன்று தொகுதிப் பெண்கள் தம் நகலையே பெறுகின்றன, ஆனாலும் முட்டை வளரத் தொடங்க ஓர் ஆணின் விந்தணு தொட வேண்டும். தொட்ட விந்தணுவின் ஜீன் எதுவும் குட்டிக்குப் போவதில்லை.

குரோமோசோம் மாறினால் புதிய சிற்றினம் பிறந்துவிடுமா?

தானாகப் பிறக்காது. ஸ்டிக்மா பொறிவண்டில் வெவ்வேறு எண்ணிக்கை உள்ளவை ஒரே கூட்டமாக வாழ்ந்து இனப்பெருக்கம் செய்கின்றன. ட்ரைசைக்லஸும் ஹெக்ஸாசைக்லஸும் சந்திக்கும் இடத்திலோ கலப்புக் குட்டிகள் பிறந்தாலும் அவற்றின் குன்றல் பகுப்பு தடுமாறுகிறது. ஓர் இணைவு தாங்கக்கூடிய சுமை. பல இணைவுகள் ஒன்று சேர்ந்தால் வேலியாகிவிடும். அந்த வேலி எழும்பும் நேரத்தில் கூட்டங்கள் புவியியல் ரீதியாகப் பிரிந்தும் இருந்தால்தான் பிளவு நிலைக்கும் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறார்கள்? ஒரு மாணவரால் முடியுமா?

முடியும், நல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் இருந்தால். செல்கள் வேகமாகப் பிரியும் இடம் தேவை, அதற்கு ஆணின் விந்தகம்தான் சிறந்தது. கூட்டுப்புழுவின் கடைசி நாட்களிலோ புதிதாக வெளிவந்த வண்டிலோ எடுத்தால் பகுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். முற்றிய வண்டில் வெறும் விந்தணுக்கள்தான் கிடைக்கும், முதல் முயற்சியில் பலர் ஏமாறுவது இங்கேதான். விந்தகத்தை உப்பு குறைந்த கரைசலில் சற்று நேரம் வைத்தால் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும், குரோமோசோம்கள் விலகிப் பரவும். பிறகு மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் நிலைப்படுத்தி, கண்ணாடித் தகட்டில் பரப்பி, ஜீம்சா சாயம் ஏற்றினால் ஊதா நிறத்தில் தெரியும்.

மாவுப்புழுவிலேயே தொடங்குங்கள், வளர்ப்பது சுலபம், ஸ்டீவன்ஸ் பார்த்ததும் அதைத்தான். முதலில் எண்ண வேண்டாம். முதல் குன்றல் பகுப்பில் குரோமோசோம்கள் நடுவே வரிசைகட்டி நிற்கும் செல்லைத் தேடுங்கள். பத்து ஜோடிகளில் ஒன்பது, வளையமாகவோ கம்பியாகவோ இருக்கும். மிச்சமுள்ள ஒன்றில் வளைந்த குடையும், அதற்குக் கீழே தூசி என்று தள்ளிவிடத் தோன்றும் ஒரு புள்ளியும் இருக்கும். அந்தத் தூசிதான் ஒய்.